கை நிற்கும் இடம்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, நாச்சியாரின் இருசக்கர வண்டிப் பட்டறை இருந்தது. மேலே போகிற வண்டிகள் அங்கே நின்று பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டு போகும். இறங்கி வருகிறவை நின்று, சூடேறிய சக்கரத்தை ஆறவிடும்.

நாச்சியாருக்கு வயது முப்பத்தாறு. அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டதும் அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்து போனால், பதில் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அவருக்கு ஒரே ஒரு மாணவர் இருந்தார். பெயர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்து நான்கு. கால்நடை ஆய்வாளர். மலைமேல் பதினொரு ஊர்களின் ஆடுமாடுகள் அவர் பொறுப்பு.

பத்து மாதங்களுக்கு முன்னால், நாற்பத்தாறாவது வளைவில் அவர் வண்டியோடு விழுந்தார். இடது காரை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் வண்டியைத் தொட மனம் வரவில்லை. நாச்சியார்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தார். ஒரு ஞாயிறுக்குப் பத்து வளைவு. ஏழு ஞாயிறுகளில் எழுபது வளைவுகளும் ஏறி முடித்தார்கள். அதிலிருந்து பொன்னுரங்கம், தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். முதலில் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார். போகப் போக விளையாட்டு உதிர்ந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை. பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். பின்சீட்டில் சாக்கு சுற்றிக் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்தார். உள்ளே புது ஹேண்டில்பார். நேராக, தாழ்வாக, கறுப்பாக இருந்தது.

நாச்சியார் அதைப் பார்த்தார். "மூணாவதுங்களா சார்?"

"மூணாவதுதான்."

"இது யாரு சொன்னது?"

"ராசிபுரத்துல ஒரு கடைக்காரர். குனிஞ்சு ஓட்டினா பாரம் முதுகுக்குப் போயிரும், கை லேசாயிரும்னார்."

"முன்னாடி அந்த உசந்தது?"

"கூட வேலை பாக்குறவர் சொன்னார். நிமிர்ந்து உக்காந்தா வலிக்காதாம். அதுல கை தோளுக்கு மேல தொங்கினதுதான் மிச்சம்."

"அகலமா ஒண்ணு போட்டமே?"

பொன்னுரங்கம் சங்கடப்பட்டார். "அது செல்போன்ல பார்த்தது."

"உங்க கை என்னங்க சொல்லுது?"

"வலிக்குதுன்னு சொல்லுது. இருபதாவது வளைவு தாண்டினா விரல் மரத்துப் போகுது. மணிக்கட்டுல ஆரம்பிச்சுப் பிடரி வரைக்கும் ஒரு கம்பி ஓடுது. எலும்பு டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்துட்டார். எலும்பு நல்லாக் கூடியிருக்குங்கிறார். அப்ப கோளாறு வண்டியிலதான?"

நாச்சியார் புது ஹேண்டில்பாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"அடுத்த திங்கட்கிழமை கோமாரித் தடுப்பூசி ஆரம்பிக்குது," என்றார் பொன்னுரங்கம். "பதினொரு ஊரு. மருந்துப் பெட்டியக் கட்டிக்கிட்டு தினமும் ஏறி எறங்கணும். இந்தக் கையோட எப்படிங்க? வளைவுல விரல் மரத்து கிளட்ச்சு பிடிபடாமப் போச்சுன்னா? வாத்தியாரம்மா, ஒரே ஒரு கேள்விதான். எனக்குப் பொருந்துற ஹேண்டில்பார் எது?"

நாச்சியார் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பட்டறையின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு பழைய வண்டியின் கூடு கிடந்தது. இன்ஜின் கிடையாது. முன்சக்கரமும் கிடையாது. சீட்டும் கால் வைக்கும் கம்பியும் மட்டும் இருந்தன. நாச்சியார் அதை நிமிர்த்தி, முன்பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்து, சுவரோரமாக நிறுத்தினார். அதில் இருந்த துருப்பிடித்த ஹேண்டில்பாரையும் கழற்றித் தூர வைத்தார்.

"உங்க வண்டி மாதிரியேதானுங்க. அதே உசரம். ஏறி உக்காருங்க சார்."

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். முன்னால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

"கண்ணை மூடிக்கங்க. மலை ஏறப் போறீங்கன்னு நெனச்சுக்கங்க. கையை நீட்டுங்க. எங்க சொகமா நிக்குதோ அங்க நிறுத்துங்க."

அவர் நீட்டினார். கண்ணை மூடியதும் மேலே ஏதோ வளைவில் பேருந்து ஒன்று ஒலி எழுப்புவது கேட்டது. கைகள் எங்கோ நின்றன. பக்கத்தில் சுவரில் சாக்பீஸ் கீறும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது, அந்த இடத்தை மறைத்து ஒரு தார்ப்பாய் தொங்கியது.

"ஏழு நாளைக்கு வாங்க," என்றார் நாச்சியார். "ஏறுறதுக்கு முன்னாடி ஒருக்கா. எறங்கி வந்ததும் ஒருக்கா. ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தானுங்க."

"ஏழு நாளா? அடுத்த திங்கள் தடுப்பூசிங்க."

"தெரியுங்க."

"கோடு எங்க விழுந்திருக்குன்னு பாக்கலாமா?"

"பார்த்தா நாளைக்கு அந்தக் கோட்டத் தேடித்தான் உங்க கை போகுங்க."

பொன்னுரங்கம் அன்று பழைய ஹேண்டில்பாரோடேயே மலையேறினார். சாலையோரப் பலகைகளில் வளைவுகளின் எண்கள் வந்தன. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இருபத்தொன்றில் இடது சுண்டுவிரல் மரத்தது. நாற்பத்தைந்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறில் மூச்சை அடக்கிக்கொண்டார். நாற்பத்தேழில்தான் விட்டார். அந்தச் சாலையில் அவர் தினமும் செய்வது அதுதான்.

விழுந்த அன்று அவர் தனியாக இருக்கவில்லை.

பின்னால் குப்பாயி என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். நெல்லிக்கரைப்பட்டிக்காரர். அடிவாரச் சந்தையில் மிளகு விற்றுவிட்டு, பேருந்தைத் தவறவிட்டு நின்றவரை, நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன், ஏறுங்கள் என்று பொன்னுரங்கமே கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். நாற்பத்தாறாவது வளைவில் வாழைத்தார் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு இறங்கியது. பொன்னுரங்கம் முன்பிரேக்கை அழுத்தினார். சரளைக்கல் வழுக்கியது. குப்பாயியின் வலது முழங்கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது.

மருத்துவமனையில் அவரைப் பார்க்க ஒரு தடவை போனார். வார்டு வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. கட்டுப் போட்ட கால் தெரிந்ததும் திரும்பிவிட்டார். அதன் பிறகு நெல்லிக்கரைப்பட்டிக்கே போகவில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால், மாட்டைப் பிரதான சாலைக்கு ஓட்டி வரச் சொன்னார். அவர்களும் ஓட்டி வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தடுப்பூசிப் பட்டியலில் பதினொரு ஊர்களில் நெல்லிக்கரைப்பட்டியும் ஒன்று. அங்கே எல்லா மாடுகளையும் சாலைக்கு ஓட்டி வரச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தார். கையை நீட்டினார். சாக்பீஸ் கீறியது. செவ்வாய் காலை உட்கார்ந்தார். சாயங்காலம் உட்கார்ந்தார். புதன்கிழமையும் அப்படியே.

"ஏதாவது தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"ஏழு நாள் ஆகட்டுங்க."

"தோராயமாச் சொல்லுங்களேன். உசரம் கூட்டணுமா, கொறைக்கணுமா?"

நாச்சியார் ஒரு சங்கிலியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கண்ணிக்கு நகர்ந்தார்.

வியாழக்கிழமை காலை மலையில் மூடுபனி. கூட்டின் மேல் உட்கார்ந்து எழுந்தபோதே பொன்னுரங்கத்துக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. கிளம்பும் முன் பிரேக்கை மூன்று தடவை பிடித்துப் பார்த்தார். சக்கரத்தின் காற்றை அமுக்கிப் பார்த்தார். மறுபடி பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார்.

முப்பதாவது வளைவில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே வண்டியை ஓரங்கட்டினார். பனி விலகட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்கெல்லாம் பனி விலகிவிட்டது. மேலே இருந்த வளைவுகள் கழுவி விட்டதுபோல் தெரிந்தன. அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ சொன்னார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சமவெளியில் எந்த ஊருக்காவது மாற்றல் வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில் உடல்நிலை என்று எழுதினார். எழுதி முடித்து மடித்து வைத்தார். கொடுக்கவும் தோன்றவில்லை, கிழிக்கவும் தோன்றவில்லை. நான்கு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

"மேல போயிட்டு வந்தீங்களா சார்?" என்று நாச்சியார் கேட்டார். தினமும் கேட்பதுதான்.

"போயிட்டு வந்தேன்," என்றார் பொன்னுரங்கம்.

கூட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கையை நீட்டினார். சாக்பீஸ் சத்தம் உடனே வரவில்லை. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தார். பிறகு கீறல் கேட்டது.

"நாளைக்கு வாங்க," என்றார் நாச்சியார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தாமதம் அவரை அரித்தது. கண்டுபிடித்துவிட்டாரா? எதை வைத்து? கண்டுபிடித்திருந்தால் ஏன் கேட்கவில்லை?

வெள்ளிக்கிழமை முப்பதாவது வளைவில் டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். பொன்னுரங்கம் நிறுத்தவில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே மேலே போய்ச் சேர்ந்தார்.

சனிக்கிழமை, மலையுச்சியில், ஊர்களுக்குப் பாதை பிரிகிற இடத்தில் குப்பாயி நின்றிருந்தார்.

கையில் ஒரு மூங்கில் கம்பு. உடம்பின் பாரமெல்லாம் அதன் மேல். தூரத்திலேயே பொன்னுரங்கம் அவரைப் பார்த்துவிட்டார். வண்டியைத் திருப்ப வேறு வழி கிடையாது. குப்பாயி கம்பைத் தூக்கிக் காட்டினார். வண்டி நின்றது. பொன்னுரங்கம் நிறுத்தினாரா, தானாக நின்றதா என்று அவருக்கே தெரியவில்லை.

"சார், மாடு நாலு நாளா அசை போடல. வயிறு உப்பிக் கெடக்குது. ரோட்டுக்கு ஓட்டியாரலாம்னா எந்திரிக்கவே மாட்டேங்குது. எங்கூருக்கு வாங்க."

"நீங்க... இவ்ளோ தூரம் எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். விடியறப்பக் கெளம்புனேன்."

நாலு கிலோமீட்டர். பொன்னுரங்கம் அவர் முழங்காலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"நான் முன்னாடி போயி மாட்டப் பாக்குறேன். நீங்க மெதுவா வாங்க," என்றார்.

"வீடு தெரியாதே உங்களுக்கு," என்றார் குப்பாயி. "ஏறிக்கிறேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்பை அவர் கையில் கொடுத்தார். சீட்டைப் பிடித்து, நீட்டிய காலோடு ஒருக்களித்து, எப்படியோ ஏறி உட்கார்ந்தார். கம்பைத் திருப்பி வாங்கிக் குறுக்கே வைத்துக்கொண்டார். ஒரு கையைப் பொன்னுரங்கத்தின் தோளில் வைத்தார். முறிந்து கூடிய எலும்பின் மேலேயே அந்தக் கை விழுந்தது.

பொன்னுரங்கம் கிளம்பவில்லை.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"பயந்தான்," என்றார் குப்பாயி. "அதுக்குன்னு? இந்தக் காலை வச்சுக்கிட்டுத் திரும்பவும் நடக்கச் சொல்றீங்களா?"

அவர் கியரைப் போட்டார்.

பாதை குறுகலானது. ஒரு பக்கம் காப்பிச் செடிகள், மறுபக்கம் பள்ளம். ஒவ்வொரு திருப்பத்திலும் குப்பாயியின் விரல்கள் அவர் தோளை இறுக்கின. திருப்பம் முடிந்ததும் தளர்ந்தன. மறுபடி இறுக்கின. அவரும் பயந்துகொண்டுதான் வருகிறார் என்று பொன்னுரங்கத்துக்குத் தோள் வழியாகத் தெரிந்தது. ஆனால் இறங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

மாட்டுக்கு மருந்து கொடுத்தார். வயிற்றைத் தேய்த்துவிட்டார். மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு மாடு ஒரு தடவை முனகி எழுந்து நின்று சாணி போட்டது. அதற்கப்புறம் மெதுவாக அசை போடத் தொடங்கியது.

குப்பாயி ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். பொன்னுரங்கம் ஒரு சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன்," என்றார். "உள்ள வரல."

"பார்த்தேன்," என்றார் குப்பாயி. "வாசல்ல சட்டை தெரிஞ்சுது. சாப்பிடுங்க, எறும்பு ஏறுது."

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்ததும் பொன்னுரங்கம் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். குப்பாயி ஏறி உட்கார்ந்ததையும் மாடு எழுந்ததையும் சொன்னார். வாசலில் சட்டை தெரிந்ததைக் கடைசியில் சொன்னார். நாச்சியார் கேட்டுக்கொண்டார். பிறகு கூட்டைக் காட்டினார். பொன்னுரங்கம் உட்கார்ந்து கையை நீட்டினார். சாக்பீஸ் கீறியது.

"இனிமேப் பயம் இருக்காதுன்னு நெனைக்கிறேன்," என்றார், இறங்கும்போது.

நாச்சியார் தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. மாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். பட்டறையில் கூட்டின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடியபோது, உள்ளங்கை வேர்த்தது. வியாழக்கிழமை வேர்த்த அதே அளவுக்கு வேர்த்தது. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. நேற்று அவ்வளவு நடந்தும் இன்று காலையில் எல்லாம் முதலிலிருந்தா?

நாற்பத்தாறில் மூச்சை அடக்கினார். நாற்பத்தேழில் விட்டார். மாடு நன்றாக இருந்தது.

சாயங்காலம் பதினான்காவது கோடு விழுந்ததும், நாச்சியார் தார்ப்பாயை அவிழ்த்து உதறி மடித்து வைத்தார்.

சுவரில் கோடுகள் இரண்டு கூட்டமாக இருந்தன. வெள்ளைக் கோடுகள் உயரத்தில், சீட்டுக்கு மிகக் கிட்டத்தில், கிட்டத்தட்ட நெஞ்சோடு ஒட்டி இருந்தன. யாரோ உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பிடித்திருக்கிற கை மாதிரி. நீலக் கோடுகள் தாழ்ந்து, நன்றாக முன்னால் தள்ளி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"ரெண்டு பேருக்கு அளவெடுத்தீங்களா?" என்றார் பொன்னுரங்கம்.

"ரெண்டும் நீங்கதானுங்க. வெள்ளை காலையில. நீலம் சாயங்காலம்."

அவர் கிட்டே போனார். விரலால் தொடாமல் எண்ணினார். வெள்ளை ஏழு. நீலம் ஆறு. இன்னொரு நீலம் எங்கே என்று தேடினார். அது வெள்ளைகளுக்கு நடுவே இருந்தது, நெஞ்சோடு ஒட்டி.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது வியாழக்கிழமை," என்றார்.

"நான் கெழமை எழுதலீங்க சார்."

"வியாழக்கிழமைதான். அன்னிக்கு மேல போகல. முப்பதாவது வளைவு டீக்கடையிலயே உக்காந்திருந்தேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். மாற்றல் கேட்டு ஒரு கடுதாசி வேற எழுதி வச்சிருக்கேன். பையில இருக்கு."

"இருக்கட்டுங்க," என்றார் நாச்சியார்.

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையில் இருந்த வெற்றுச் சுவரைக் காட்டினார். "நடுவுல ஒரு அளவு எடுத்துப் போட்டுட்டா?"

"நடுவுல கோடே இல்லீங்களே. அங்க உங்க கை ஒரு நாளும் நிக்கல."

"அப்ப நீலத்துக்குப் போடுங்க. ஒழுங்கா வண்டி ஓட்டுறவன் கை அங்கதான இருக்கு. இந்த வெள்ளைய அழிச்சிருங்க வாத்தியாரம்மா. பாக்கவே அசிங்கமா இருக்கு."

நாச்சியார் இரண்டு கூட்டத்தையும் டேப்பால் அளந்தார். ஒரு பழைய அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார்.

"வண்டிய விட்டுட்டுப் போங்க. காலையில வாங்க."

திங்கட்கிழமை காலை பொன்னுரங்கம் மருந்துப் பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்கினார். வண்டி வாசலில் நின்றது. ஹேண்டில்பார் மாறியிருந்தது. ராசிபுரத்தில் வாங்கிய கறுப்பு இல்லை. பால்காரர்கள் போடுகிற மாதிரி, இரண்டு முனையும் பின்னால் வளைந்து வருகிற ஒன்று. அடியில் உயரம் கூட்ட ஒன்றரை அங்குலக் கட்டை வைத்திருந்தார். நாச்சியார் அதை இடது பக்கம் முழுக்க ஒடித்து, வலது பக்கம் முழுக்க ஒடித்து, கேபிள் எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் ஏறி உட்கார்ந்தார். பிடிகள் நெஞ்சுக்குக் கிட்டே வந்து நின்றன. முழங்கை மடங்கியபடியே இருந்தது. அவருக்கு முகம் சிவந்தது.

"இது வெள்ளைக்கோட்டு அளவு."

"ஆமாங்க."

"நான் நீலந்தான சொன்னேன்."

"நேரமாகுதுங்க சார். ஐஸ் கரைஞ்சா மருந்து கெட்டுப் போகும். போயிட்டு வந்து பேசலாம்."

அவர் பெட்டியைக் கட்டினார். பட்டியலைப் பார்த்தார். முதல் ஊராக வேறொன்று இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, நெல்லிக்கரைப்பட்டி என்று எழுதினார். பிரேக்கை மூன்று தடவை பிடித்துப் பார்த்தார். கிளம்பினார்.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தார். சட்டையெல்லாம் சாணியும், மாடுகளுக்குப் பூசியிருந்த மஞ்சளுமாக இருந்தது. பெட்டி காலியாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, பிடிகளிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாச்சியார் நட்டுகளைச் சோதிக்க ஸ்பானரோடு வந்தார். முதல் நாள் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும்.

"எத்தனை மாடுங்க?"

"அறுபத்து மூணு. குப்பாயம்மா மாடு சேர்த்து."

"விரல் மரத்துச்சுங்களா?"

"இல்ல. நாப்பத்தாறு தாண்டியும் மரக்கல. தோள் கொஞ்சம் வலிச்சுது. அது பழைய வலி இல்ல."

"பயம்?"

"அப்படியே இருந்துச்சு. ஒரு வளைவு கொறையல."

நாச்சியார் தலையசைத்தார். குனிந்து ஒரு நட்டைக் கால் திருகு இறுக்கினார்.

பொன்னுரங்கம் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். பட்டறைக்குள் அந்தச் சுவர் தெரிந்தது. கோடுகள் அழிக்கப்படாமல் இருந்தன.

"வாத்தியாரம்மா, எனக்கு இது புரியல. பயந்தவன் அளவுக்கு எதுக்குப் போட்டீங்க? தைரியமா இருந்தவன் அளவும் அங்கதான இருக்கு?"

நாச்சியார் அடுத்த நட்டுக்கு ஸ்பானரை மாற்றினார்.

"ஏழு நாள்ல ஆறு நாள் மலையேறுனது அந்தப் பயந்தவருதானுங்களே சார்."